26 மாத மகன் இன்னும் பேசவில்லை: தமிழில் பேச்சுப் பயிற்சி எங்கே கிடைக்கும்?

வணக்கம். கோலாலம்பூர், செந்தூலில் வசிக்கிறோம். மகனுக்கு 26 மாதம். 'அம்மா', 'பா', 'பால்' என மூன்றே சொற்கள். இரண்டு வயதில் பொதுவாகக் குழந்தைகள் இரு சொற்களைச் சேர்த்துப் பேசுவார்கள், இவன் பேசவில்லை. கூப்பிட்டால் திரும்புகிறான், சொன்னது புரிகிறது. நேற்று என் விரலைப் பிடித்து அலமாரிவரை இழுத்துப்போய், மைலோ டின்னைக் காட்டிவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். மனம் தாங்கவில்லை.

மார்ச்சில் செவிப்பரிசோதனை செய்தோம், குறையில்லை. கைப்பேசியை நிறுத்தி நான்கு மாதமாகிறது. தினமும் படப்புத்தகம் காட்டிப் பேசுகிறோம். அரசாங்க மருத்துவமனையில் ஐந்து மாதம் காத்திருக்க வேண்டுமாம். தமிழை விட்டுவிடு என்கிறார்கள் உறவினர்கள். இரு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் குறைபாடு வராது, நான் விடமாட்டேன்.

செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் தமிழிலேயே பயிற்சி தரும் பேச்சுப் பயிற்சியாளர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?