வேர்முடிச்சு வந்த தொட்டி மண்ணை மீட்க வழி உண்டா?

மாடித்தோட்ட அன்பர்களுக்கு வணக்கம். மதுரையில் மொட்டை மாடியில் பைகளில் காய்கறி வளர்க்கிறோம். செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் சம அளவு. ரசாயனம் எதுவும் இல்லை. நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்த வெண்டை, ஈரம் இருந்தும் மதியத்தில் துவண்டது, மாலையில் நிமிர்ந்தது. பிறகு நிமிரவே இல்லை. பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்க முடிச்சுகள். பயறுச் செடியில் இயல்பாக வரும் நல்ல வேர்முடிச்சைத் தேய்த்தால் உதிர்ந்துவிடும். இங்கே வேரே வீங்கியிருக்கிறது. வேரைத் தாக்கும், கண்ணுக்குத் தெரியாத நூற்புழுதான் என்று நினைக்கிறேன். பக்கத்துப் பைகளில் தக்காளியும் கத்தரியும் இருக்கின்றன. அவற்றையும் இது விடாதே!

மண்ணைக் கொட்டிவிடச் சொல்கிறார்கள். மூன்று மாடி இறக்குவது யார்? சித்திரை வெயிலில் ஈர மண்ணைக் கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளால் மூடி, நான்கைந்து வாரம் வைத்தால் போதுமா, இடையில் கிளற வேண்டுமா? வேப்பம்புண்ணாக்கு ஒரு பைக்கு எவ்வளவு, நடுவதற்கு எத்தனை நாள் முன்பு கலக்க வேண்டும்? செண்டுமல்லியை ஒரு பருவம் தனியாக வளர்க்க வேண்டுமா, காய்கறிக்கு ஊடாக நட்டாலும் பலன் உண்டா?

செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். கத்தரி இப்போதுதான் பூவெடுக்கிறது; அதற்கு உடனே என்ன செய்யலாம் என்பதை மட்டும் முதலில்.