சூடானதும் உயிரை விடும் மேக்னெட்டோ: உங்க வண்டியில் எது காரணமா இருந்தது?

ஸ்மால்ஹீத்:
வண்டி பிஎஸ்ஏ ஏ10 பைக். பிளக்குக்குப் பொறி கொடுக்கிற மேக்னெட்டோ கே2எஃப் மாடல், வேகத்துக்கு ஏத்த மாதிரி பொறி நேரத்தைத் தானா முன்னுக்குத் தள்ளுற ஆட்டோ அட்வான்ஸ். காலையில் இரண்டாவது உதையில் பிடிச்சுடும். ஒரு மணி நேரம் ஓட்டி பெட்ரோல் போட நிறுத்தினா, இன்ஜின் முழுசா ஆறுற வரைக்கும் பொட்டுச் சத்தம் கிடையாது. பிளக் புதுசு, இடைவெளி 20 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு). பாயிண்ட் (கரண்டைத் திறந்து மூடுற தொடுமுனை) 12 தௌ. எச்டி ஒயர் (பிளக்குக்குப் போற உயர் அழுத்த ஒயர்) செம்புக்கம்பி, ரெசிஸ்டர் கேப் இல்லை.

இருட்டில் எண்ட் கேப்பைக் கழற்றி வச்சு உதைச்சப்போதான் தெரிஞ்சது. பாயிண்டில் நீலமா, தடிப்பா ஒரு பொறி. பிளக்கில் மஞ்சளா, இருக்கா இல்லையான்னு ஒரு கீற்று. பிளக்குக்குப் போக வேண்டிய கரண்ட் பாயிண்டிலேயே எரியுது. அது பாயிண்டில் பொறி எரியாம தடுக்கிற கன்டென்சர் போனதுக்கு அடையாளம்.

கழற்றி மல்டிமீட்டரில் வச்சா 0.17 மைக்ரோஃபாரட், அசல் அளவு. இங்கேதான் பல பேர் ஏமாந்து காயிலைத் திரும்பச் சுத்த (ரீவைண்ட்) அனுப்பிடுறாங்க. மல்டிமீட்டர் கொடுக்கிறது சில வோல்ட். பாயிண்ட் திறக்கிற நொடியில் பிரைமரியில் (காயிலோட தடிச்ச முதல் சுற்று) நூற்றுக்கணக்கான வோல்ட் ஏறும், லீக் அப்போதான் வெளியே வரும். கன்டென்சரைத் தனியா பிரிச்சு, சூடு பண்ணி, 250 வோல்ட் இன்சுலேஷன் டெஸ்டரில் பாருங்க. மெகா ஓமிலிருந்து கிலோ ஓமுக்கு இறங்கினா அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

எம்20_கிக்கர்:
அண்ணே, சூடா இருக்கும்போது மட்டும் உதைச்சா பிடிக்கலைன்னா கன்டென்சரைத் தொடுறதுக்கு முன்னாடி லீவரைப் பாக்கணும். பிஎஸ்ஏ எம்20-ல மேக்டைனோ (மேக்னெட்டோவும் டைனமோவும் ஒண்ணா சேர்ந்தது), மேனுவல் அட்வான்ஸ், அதாவது பொறி நேரத்தை லீவரால கையில மாத்துறது. கிக்கர் திருப்பி அடிக்கும்னு பயந்து லீவரை முழு ரிட்டார்டில் (பொறி ரொம்பத் தாமதமா வர்ற பக்கம்) வச்சு உதைக்கிறாங்க. மேனுவல்ல நகர்றது பாயிண்ட் திறக்கிற இடம் மட்டும்தான். ஆர்மேச்சர்ல (காயில் சுத்தியிருக்கிற சுழலும் பாகம்) காந்த ஓட்டம் வேகமா திசை மாறுற இடம் நகராது. அதனால முழு ரிட்டார்ட்லதான் பொறி ரொம்பப் பலவீனம். ஏற்கெனவே தளர்ந்த காந்தம்னா சுத்தமா இருக்காது. முழு ரிட்டார்டிலிருந்து மூணுல ஒரு பங்கு முன்னாடி தள்ளி உதைங்க, பாதி வண்டி அதிலேயே பிடிச்சுடும்.

ஸ்மால்ஹீத்:
எம்20-க்கு நீங்க சொல்றது முழுக்கச் சரி தம்பி. ஆனா ஏ10-ல் ஆட்டோ அட்வான்ஸ் டிரைவ் கியரில் இருக்கு. ரிட்டார்ட் ஆகும்போது ஆர்மேச்சரே சேர்ந்து பின்னுக்கு வரும், பொறி குறையாது. இங்கே லீவருக்கு வேலையே இல்லை.

ஷெல்லாக்:
கன்டென்சர்தான் என்று எல்லோரும் ஒரே முடிவுக்கு ஓடுவதை ஏற்க முடியவில்லை. பழைய காயில் சுற்றில் பூசிய ஷெல்லாக் என்ற அரக்கு சூட்டில் இளகும். ஒரு மேக்டைனோவில் அது உருகி வழிந்து, வண்டி நின்ற இரவில் ஆர்மேச்சருக்கும் போல் பீஸுக்கும் (அதைச் சுற்றியுள்ள காந்த முனை) நடுவே பிசின் போல இறுகியிருந்தது. காலையில் உதைத்ததும் ஒரு முறிவுச் சத்தம். டிரைவ் போய்விட்டது. உள்ளே திறந்தால் தேன் நிறத்தில் பளபளவென்று ஒட்டியிருக்கிறது. கன்டென்சர் மட்டும் மாற்றி அந்த ஆர்மேச்சரைத் திரும்பப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

பிரைமரி அரை ஓம் அளவில், செகண்டரி (பிளக்குக்குப் போகும் மெல்லிய சுற்று) 5 கிலோ ஓம் அளவில் இருக்க வேண்டும். குளிர்ந்த நிலையில் அளந்தால் போதாது. 80 டிகிரி வரை அடுப்பில் சூடேற்றி, மீட்டரை மாட்டியபடியே பாருங்கள். செகண்டரி திடீரென்று திறந்துகொண்டால் சுற்றில் முறிவு.

கழற்றப் போகிறவர்களுக்கு ஒன்று. முதலில் இரண்டு பிக்-அப் ஹோல்டர்களும் (பிளக் ஒயர் மாட்டும் பகுதி) வெளியே வர வேண்டும். அடுத்து உடலில் ஒரு திருகுக்குப் பின்னால் இருக்கும் எர்த் பிரஷ் (ஆர்மேச்சரை உடலோடு இணைக்கும் கரித்துண்டு). சேஃப்டி கேப் (அளவுக்கு மீறிய வோல்ட்டைப் பாய விடும் இடைவெளி) திருகு உள்ள மாடல் என்றால் அதுவும். இவற்றுக்குப் பிறகே நடு போல்ட், பாயிண்ட் அசெம்ப்ளி, கேம் ரிங் (பாயிண்டைத் திறக்கும் மேடுகள் உள்ள வளையம்), எண்ட் பிளேட். எர்த் பிரஷை மறந்து ஆர்மேச்சரை இழுத்தால் ஸ்லிப் ரிங்கின் (பிக்-அப் தொடும் வளையம்) விளிம்பு உடையும். உடைந்த விளிம்பை ஒட்டவைத்து ஓட்ட முடியாது, கரண்ட் விரிசல் வழியே எர்த்துக்குப் பாயும். எண்ட் பிளேட்டுக்கு அடியில் இருக்கும் ஷிம்களை (மெல்லிய தகடுகள்) எண்ணித் தனியாக வையுங்கள். பேரிங்கின் வெளி ரேஸுக்குப் பின்னால் இருக்கும் தாள் இன்சுலேட்டர் கிழிந்திருந்தால் மாற்றுங்கள். ஆர்மேச்சர் வெளியே இருக்கும் நேரம் முழுவதும் உடலுக்குள் ஒரு மென்னிரும்புத் துண்டு இருக்கட்டும், இல்லையென்றால் காந்தம் தளரும். டிரைவ் பக்க ஆயில் சீலைக் கையோடு மாற்றிவிடுங்கள். டைமிங் பெட்டியின் ஆயில் உள்ளே வந்தால் புதுச் சுற்றும் நனைந்து கெடும்.

இடதுவலது:
எர்த் பிரஷைப் பத்தி யாராவது சொல்வாங்கன்னு பாத்தேன், கழற்றும்போது மட்டும்தான் ஞாபகம் வருது போல. அது தேஞ்சு ஆர்மேச்சரைத் தொடலைன்னா கரண்ட் பேரிங் கிரீஸ் வழியா போகும். மிஸ் அடிக்கும், ரேஸ்ல குழி விழும்.

எனக்கு இன்னும் உறுத்துறது வேற. கே2எஃப்-ல இடது சிலிண்டர் ஒரு டைமிங் (பொறி வர்ற நேரம்), வலது சிலிண்டர் வேற. இடது சைலன்சர் குழாய் நீலமாகியிருக்கு, வலது பளிச்னு இருக்கு. கார்புரேட்டர்னு நினைச்சு ஜெட் மாத்திட்டே இருப்பாங்க. முதல்ல ரெண்டு கேம் மேட்டுலயும் தனித்தனியா ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற தகடு) விடுங்க. ஒண்ணுல 12, இன்னொண்ணுல 9 வந்தா கேம் ரிங் நடுவுல உக்காரலை. ரிங்குக்குப் பின்னாடி அழுக்கு, இல்ல பேரிங் ஆட்டம், இல்ல பாயிண்ட் அசெம்ப்ளியோட டேப்பர் சரியா உக்காரலை. மூணும் சரியா இருந்தும் வித்தியாசம் வந்தா, சீக்கிரம் திறக்கிற மேட்டோட ஏறுமுகத்தை மட்டும் எண்ணெய்க் கல்லால கொஞ்சம் கொஞ்சமா தேய்க்கணும். தேய்ச்சதைத் திரும்ப ஒட்ட முடியாது, ஒவ்வொரு தடவையும் டிகிரி டிஸ்க்ல (கோணம் அளக்கிற வட்டு) பாத்துட்டுத் தேய்ங்க.

எம்20_கிக்கர்:
டைமிங் வைக்க பல்பு மாட்டிப் பாத்தேன், பாயிண்ட் திறந்தாலும் எரிஞ்சுட்டே இருக்கு. பாயிண்ட் ஷார்ட்டா?

இடதுவலது:
இல்ல. பாயிண்டுக்கு இணையா அரை ஓம் பிரைமரி இருக்கே, பல்பு அது வழியா எரியுது. சிகரெட் சுத்துற மெல்லிய தாளைப் பாயிண்ட் நடுவுல விட்டு லேசா இழுத்துப் பிடிங்க. தாள் நழுவ ஆரம்பிக்கிற இடம்தான் திறப்பு. கம்ப்ரஷன் ஸ்ட்ரோக், ரெண்டு வால்வும் மூடி இருக்கணும். எம்20-க்கு லீவர் முழு அட்வான்ஸ்ல, பிஸ்டன் மேல்முனைக்கு முன்னாடி 7/16 அங்குலம், அதாவது 11.1 மி.மீ. ஆட்டோ அட்வான்ஸ் வண்டியில அந்த யூனிட்டை மரத்துண்டு வச்சு முழு அட்வான்ஸ்ல இறுக்கிட்டுத்தான் அளக்கணும். போல்ட்டை இறுக்கும்போது கியர் நகரும், அதனால இறுக்கின பிறகு மறுபடி ஒரு தடவை தாளை விட்டுப் பாருங்க.

ஷெல்லாக்:
ஸ்மால்ஹீத் அவர்களே, வெளியே பாயிண்ட் தட்டில் மாட்டும் புதுக் கன்டென்சரைத்தானே போடப்போகிறீர்கள்? உள்ளே இருக்கும் பழையதன் இணைப்பைத் துண்டித்தீர்களா? இரண்டும் இணையாக இருந்தால் பழையதன் லீக் அப்படியேதான் இருக்கும்.

ஸ்மால்ஹீத்:
ஆர்மேச்சர் ஏற்கெனவே வெளியே இருக்கு சார், பழையதை முழுசா எடுத்தாச்சு. அதனால வெளியே மாட்டுற வகை வேண்டாம், உள்ளேயே 0.2 மைக்ரோஃபாரட் ஃபிலிம் வகை வச்சு எபாக்சி ஊத்துறேன். நீங்க சொன்ன 80 டிகிரி சோதனையில் செகண்டரி திறக்கலை, சுற்று நல்லாத்தான் இருக்கு.