சித்தப்பா வீடா, பல்கலைக்கழக விடுதியா? தில்லியில் படித்தவர்களிடம் கேட்கிறேன்

பொருநைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் வரலாற்றில் இளங்கலை முடித்திருக்கிறேன். ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் முதுகலைக்கு இடம் கிடைத்துள்ளது. சேர்க்கை முடிந்ததும் விடுதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆனால், வீட்டில் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. சித்தப்பா குடும்பம் மயூர் விஹார் முதல் ஃபேஸில் பல ஆண்டுகளாக வசிக்கிறது. சொந்த வீடு இருக்கும்போது பெண்பிள்ளை விடுதியில் கிடந்து சிரமப்படுவானேன் என்பது அப்பாவின் கட்சி. அம்மா வாய்திறந்து எதுவும் சொல்லவில்லை என்றாலும் அவருக்கும் அதுதான் விருப்பம் என்று தெரிகிறது.

நான் இதுவரை வீட்டை விட்டு வெளியே தங்கியதில்லை. இந்தி எழுத்துக்கூட்டிப் படிப்பேன், பேச வராது. விடுதி வாழ்க்கையைப் பற்றி யூடியூபில் பார்ப்பதெல்லாம் கொண்டாட்டமாகவே இருக்கிறது. எனக்குத் தெரிய வேண்டியது சாதாரண நாட்களைப் பற்றி. முன்பின் தெரியாத ஒருவரோடு ஒரே அறையில் இருப்பது, மெஸ் சாப்பாடு, குளிர், காய்ச்சலில் படுத்தால் யார் பார்ப்பார்கள் என்பவை எல்லாம் உண்மையில் எப்படி இருக்கும்? அனுபவப்பட்டவர்கள் விரிவாக எழுதினால் அப்பாவிடமும் படித்துக் காட்டுவேன்.

ஆரவல்லி:

வாழ்த்துகள். நான் அதே வளாகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். முதுகலையையும் இங்கேதான் படித்தேன்.

முதலில் தூரக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் அப்பாவுக்கு அது புரியும். மயூர் விஹாரிலிருந்து நீல வழித்தட மெட்ரோவில் பொட்டானிக்கல் கார்டன் சென்று, அங்கே மெஜந்தா தடத்துக்கு மாறி முனீர்காவில் இறங்க வேண்டும். அதற்குப் பிறகு வளாகத்துக்குள் ஆட்டோவோ பேருந்தோ பிடிக்க வேண்டும், ஏனெனில் இது ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட, ஆரவல்லிப் பாறைகள் மீது அமைந்த காடு. ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பயணத்திலேயே போய்விட்டால், வாரந்தோறும் குவியும் கட்டுரைகளை எப்போது படிப்பீர்கள்?

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. இங்கே வகுப்புகள் மாலையில் முடிந்துவிடும் என்றாலும், பல்கலைக்கழகம் இரவு உணவுக்குப் பிறகுதான் விழித்துக்கொள்கிறது. ஒன்பதரை மணியளவில் ஏதாவது ஒரு விடுதியின் மெஸ்ஸில் மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கூட்டம் போடுவார்கள். பேராசிரியர், வழக்குரைஞர், பத்திரிகையாளர், கட்சித் தலைவர் என்று யார் யாரோ வந்து பேசுவார்கள். பேச்சு முடிந்ததும் மாணவர்கள் எழுந்து நின்று அவர்களைக் கேள்விகளால் துளைத்தெடுப்பார்கள். மாணவர் பேரவைத் தேர்தலின்போது நடக்கும் தலைவர் வேட்பாளர் விவாதம் நள்ளிரவைத் தாண்டியும் நீளும். வரலாறு படிக்கும் ஒருவர் கடைசி மெட்ரோவைப் பிடிப்பதற்காக இதையெல்லாம் விட்டுவிட்டு ஓட வேண்டியிருந்தால், பாதிப் படிப்பை இழந்துவிடுவார் என்றே நான் சொல்வேன்.

விடுதிகளுக்கெல்லாம் நதிகளின் பெயர்தான். காவேரி, கோதாவரி, கங்கா, சபர்மதி, தபதி, லோஹித் எனப் பட்டியல் நீளும். பெரியார் என்றொரு விடுதியும் உண்டு. அது கேரளத்து ஆறு, ஊரிலிருந்து வரும் நம்மவர்கள் அவசரப்பட்டு மகிழ்ந்துவிட வேண்டாம்.

செலவைப் பொறுத்தவரை, வாடகை ஒரு பொருட்டே இல்லை. 2019 அக்டோபரில் வெளிவந்த விடுதிக் கையேட்டு வரைவு, தனியறைக்கு மாதம் 20 ரூபாயாகவும் இருவர் அறைக்கு 10 ரூபாயாகவும் இருந்த வாடகையை 600, 300 என உயர்த்தியதோடு, 1,700 ரூபாய் சேவைக் கட்டணத்தையும் புதிதாகச் சேர்த்தது. நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருக்கக்கூடிய அந்தப் பெரும் போராட்டம் அதை எதிர்த்துத்தான் நடந்தது. உண்மையான செலவு மெஸ் கட்டணம்தான். அந்த மாதத்து மொத்தச் செலவை நாள் கணக்கில் வகுத்துப் போடுவார்கள். மாணவர்களே மெஸ் செயலரைத் தேர்ந்தெடுப்பதால், பருப்பு தண்ணீராக இருந்தால் சண்டை போடுவதற்கு ஒரு முகமாவது இருக்கும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. சேர்ந்த அன்றே அறை கிடைத்துவிடும் என்று எண்ணி வராதீர்கள். காத்திருப்புப் பட்டியல் நகரச் சில வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். வெளியூர் மாணவர்களுக்கு முன்னுரிமை தருவார்கள் என்பதால், விண்ணப்பத்தில் நிரந்தர முகவரியாகத் திருநெல்வேலி முகவரியையே கொடுங்கள். சித்தப்பா வீட்டு முகவரியை அந்த இடத்தில் எழுதி வரிசையில் பின்தங்கிவிட வேண்டாம்.

வடக்குவளாகம்:

ஆரவல்லி எழுதியவை யாவும் சரி, ஆனால் அவர் நீண்ட நாள் அங்கேயே ஊறிப்போனவர். நான் தில்லிப் பல்கலைக்கழகத்துக் கல்லூரி ஒன்றின் விடுதியில் ஓராண்டும், பிறகு விஜய் நகரில் தனியார் பி.ஜி. (பணம் கட்டித் தங்கும் ‘பேயிங் கெஸ்ட்’ இல்லம்) ஒன்றிலும் இருந்தேன். கசப்பான பக்கத்தை நான் எழுதிவிடுகிறேன்.

அறைத்தோழி அமைவது அதிர்ஷ்டம். எனக்கு வாய்த்தவர் பாட்னாக்காரர். தங்கமான பெண், ஆனால் இரவு ஒரு மணிவரை தொலைபேசியில் பேசுவார், நானோ ஐந்து மணிக்கு எழுந்து படிக்கும் பழக்கமுடையவள். முதல் மாதம் இருவரும் ஒருவரையொருவர் சகித்துக்கொண்டோம், இரண்டாம் மாதம் பேச்சே நின்றுவிட்டது. கடைசியில் மேல்மாடிச் சீனியர் ஒருவர் எங்களைத் தேநீருக்கு அழைத்து, பதினொரு மணிக்கு மேல் பேச்சு வராந்தாவில்தான், ஆறு மணிக்கு முன்னால் மேசை விளக்கு மட்டும்தான் என்று தீர்ப்பு எழுதினார். விளக்கு, தொலைபேசி, விருந்தினர், சாவி ஆகிய நான்கையும் முதல் வாரத்திலேயே வாய்விட்டுப் பேசிவிட்டால் இந்த அவதி வேண்டியதில்லை. கூச்சப்பட்டால் மாதக்கணக்கில் மனத்துக்குள் புழுங்க வேண்டிவரும்.

குளிரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஜனவரியில் வெப்பநிலை 4 பாகைக்கும் கீழே இறங்கும் இரவுகள் உண்டு. கட்டடங்கள் கோடைக்காகக் கட்டப்பட்டவை, சுவரே சில்லென்றிருக்கும். எங்கள் மாடியில் ஒரே கீசர்தான். காலையில் வாளிகள் வரிசையாக நிற்கும், ஐந்தாவது வாளிக்குப் பிறகு வெதுவெதுப்புகூட இருக்காது. அறையில் ஹீட்டர், இம்மெர்ஷன் ராடு எல்லாவற்றுக்கும் தடை, பிடித்தால் அபராதம். துவைத்துப் போட்ட ஜீன்ஸ் மூன்று நாளாகியும் காயாமல் விறைத்து நிற்கும். இதைவிட மோசம் நவம்பர் மாதத்துக் காற்று. காற்றுத் தரக் குறியீடு 400-ஐத் தாண்டும் நாட்களில் கண் எரியும், தொண்டை கரகரக்கும். உங்களுக்கு ஆஸ்துமா இருந்தால் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

காய்ச்சலில் யார் பார்ப்பார்கள் என்று கேட்டீர்கள். மழைக்காலம் முடியும் தறுவாயில் தில்லியில் டெங்கு வரும், எனக்கும் வந்தது. இரண்டு மாதம் என்னோடு பேசாதிருந்த அந்தப் பாட்னாக்காரிதான் தட்டணுக்கள் எண்ணிக்கை பார்க்க என்னை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். மெஸ்ஸில் சொல்லிவைத்துப் பாசிப்பருப்புக் கிச்சடி வாங்கிவந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தார். தனியார் பி.ஜி.யில் இருந்தபோது பக்கத்து அறையில் யார் இருக்கிறார்கள் என்பதுகூட எனக்குத் தெரியாது.

பி.ஜி. பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும், காத்திருப்புப் பட்டியல் நீண்டால் அதைத்தான் தேடுவீர்கள். மின்சாரத்துக்குத் துணை மீட்டர் வைத்து உரிமையாளர் சொல்வதுதான் யூனிட் விலை, முன்பணத்தைத் திரும்பப் பெறுவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். அதையெல்லாம்விடப் படிக்கட்டைப் பாருங்கள். 2023 ஜூனில் முகர்ஜி நகர்ப் பயிற்சி மையத் தீவிபத்தில் மாணவர்கள் சன்னல் வழியே கயிற்றைப் பிடித்து இறங்க நேர்ந்தது. மறு ஆண்டு ஜூலையில் பழைய ராஜேந்திர நகரில் தரைக்குக் கீழே இருந்த நூலகத்துக்குள் மழைவெள்ளம் புகுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். வெளியேற ஒரே வழி உள்ள கட்டடத்தில், வாடகை எவ்வளவு குறைந்தாலும் தங்காதீர்கள்.

பெண்கள் விடுதி என்றால் இரவு எத்தனை மணிக்குக் கதவை அடைப்பார்கள் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பல கல்லூரி விடுதிகளில் ஆண்களுக்கு ஒரு நேரம், பெண்களுக்கு ஒரு நேரம் என்று இருந்ததை எதிர்த்துத்தான் 2015-இல் பிஞ்ச்ரா தோட் (‘கூண்டை உடை’) என்ற மாணவியர் இயக்கமே எழுந்தது.

ராமகிருஷ்ணபுரத்தான்:

அம்மா, நான் மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். ஊர்ப்பிள்ளைகள் பலருக்கு உள்ளூர்ப் பாதுகாவலராகக் கையெழுத்துப் போட்டவன். உங்கள் அப்பாவுக்கு ஒரு வார்த்தை.

விடுதிப் படிவத்தில் உள்ளூர்ப் பாதுகாவலர் என்றொரு கட்டம் இருக்கும். சித்தப்பா அதில் கையெழுத்திடட்டும். காத்திருப்புக் காலத்தில் அவர் வீட்டிலிருந்து போய்வரலாம், பண்டிகைக்கும் உடம்பு சரியில்லாதபோதும் அங்கே போகலாம். வேலைக்குப் போகும் குடும்பத்தில் இரண்டு ஆண்டுகள் தங்கிப் படிப்பதென்றால் அவர்களுக்கும் சங்கடம், பிள்ளைக்கும் சங்கடம். இரவு பத்தரைக்கு வீடு திரும்பும் பெண்ணுக்காகச் சித்தி காத்திருக்க வேண்டும், பெண்ணும் அதை எண்ணிக் கூனிக்குறுக வேண்டும். உறவு நல்லபடியாக நீடிக்க வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளியாகப் போவதே உத்தமம்.

ராகிங் பற்றிய பயம் அவருக்கு இருக்கலாம். பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் கொண்டுவந்த விதிமுறைகளின்படி மாணவரும் பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும். 1800-180-5522 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் புகார் செய்யலாம்.

ஊரிலிருந்து கம்பளி, போர்வை என்று மூட்டை கட்டி வர வேண்டாம். நவம்பரில் இங்கேயே பஞ்சு அடைத்த ரஜாய் வாங்கிக்கொள்ளலாம், நம் ஊர்க் கம்பளி இந்தக் குளிருக்குக் காணாது. பூட்டுடன் கூடிய ஒரு டிரங்குப் பெட்டி, பருப்புப்பொடி, நல்லெண்ணெய், ஒரு மின் கெட்டில் போதும். கெட்டிலுக்கு அனுமதி உண்டா என்று மட்டும் வார்டனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மெஸ்ஸில் ராஜ்மாவும் மோர்க்குழம்பு போன்ற கடியும் மாறி மாறி வரும் நாட்களில் சூடான சோற்றில் பொடி போட்டுப் பிசைந்தால் பிழைத்துக்கொள்ளலாம். இட்லி, வடை ஆசை வந்தால் முனீர்காவும் ராமகிருஷ்ணபுரமும் உங்கள் வளாகத்துக்குப் பக்கந்தான். மலை மந்திர் முருகன் கோயில், தில்லித் தமிழ்ச் சங்கம் இரண்டும் ராமகிருஷ்ணபுரத்தில்தான் இருக்கின்றன.

ஊருக்குப் போகத் திருக்குறள் விரைவு ரயில் நிஜாமுதீனிலிருந்து திருநெல்வேலி வழியாகக் கன்னியாகுமரி செல்கிறது. முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கும். பொங்கலுக்குப் போவதாக இருந்தால் அந்த நாளைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். மூடுபனிக் காலத்தில் வட இந்திய ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும் என்பதால், அதே நாளில் வகுப்பு இருக்கும்படித் திட்டமிட வேண்டாம்.

பொருநைக்கரை:

மூவருக்கும் மிக்க நன்றி. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். தூரக் கணக்கைக் கேட்டுவிட்டுச் சித்தப்பாவையே தொலைபேசியில் அழைத்தார். சித்தப்பாவும் விடுதிதான் சரி என்று சொன்னதில் அப்பாவுக்குச் சற்று வருத்தம், எனக்கோ பெரிய நிம்மதி. இன்னும் ஓர் ஐயம். அறைத்தோழியாகத் தமிழ்ப் பெண்ணையே கேட்டுப் பெற முடியுமா, பெறுவது நல்லதா?

ஆரவல்லி:

முதல் ஒதுக்கீட்டில் பெரும்பாலும் யார் வருகிறார் என்பது உங்கள் கையில் இல்லை. பிற்பாடு இருவரும் ஒத்துக்கொண்டால் அறை மாற்றத்துக்கு மனுக் கொடுக்கலாம். என் கருத்தைக் கேட்டால், முதல் ஆண்டில் கேட்காதீர்கள். தமிழ் பேச வளாகத்தில் நிறையப் பேர் இருக்கிறோம், தமிழ் ஆய்வு மாணவர்களும் இருக்கிறார்கள். இந்தி பேச வராது என்கிறீர்களே, அது வகுப்பில் வராது. நள்ளிரவில் தாழ்ப்பாள் மாட்டிக்கொண்டால் காவலரை எழுப்ப வேண்டியிருக்கும், மெஸ்ஸில் இன்னொரு கரண்டி சோறு கேட்க வேண்டியிருக்கும், அறைத்தோழியின் அம்மா தொலைபேசியில் நலம் விசாரிப்பார். அதிலெல்லாம் தானாக வந்துவிடும். வந்து சேர்ந்ததும் இங்கே ஒரு வரி எழுதுங்கள், விடுதி அலுவலகத்தில் எந்தப் படிவத்தை எந்தச் சன்னலில் கொடுப்பது என்பதைக் காட்ட நானே வருகிறேன்.