வீட்டிலேயே பின்பக்க ஸ்பாய்லர் செய்தல்: வடிவம், ரெசின், பொருத்தும் முறை

கேள்வி — நான்குகதவு

வணக்கம். என்னிடம் இருப்பது டிக்கி தனியே நீண்டிருக்கும் செடான் வகை முன்சக்கர இயக்கக் கார். டிக்கி மூடியின் பின் விளிம்பில், அதன் முழு அகலத்துக்கும் அமையும், காற்றோட்டத்தை மாற்றும் மேடான பாகமான ஸ்பாய்லர் ஒன்றை நானே செய்து பொருத்த விரும்புகிறேன். மரவேலை ஓரளவு தெரியும். ஃபைபர்கிளாஸ் வேலை எனக்குப் புதிது.

தெர்மாகோல் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, வேண்டிய வடிவத்துக்குச் செதுக்கி, அதன் மேல் பாலியெஸ்டர் ரெசினும் கண்ணாடி இழைப் பாயும் போட்டு, பட்டி பார்த்து, பெயின்ட் அடிப்பதே இப்போதைய திட்டம். தொடங்கும் முன் சில ஐயங்களைத் தீர்த்துக்கொள்ள விரும்புகிறேன். விளிம்போடு ஒட்டிய தாழ்வான மேடு போதுமா, அல்லது இரண்டு கால்கள் வைத்து உயரமான இறக்கை செய்தால்தான் பயன் கிடைக்குமா? நான் சொன்ன பொருள்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகுமா? தோற்றத்துக்காக மட்டும் இதைச் செய்யவில்லை. நெடுஞ்சாலை வேகத்தில் காரின் பின்பகுதி இலேசாவது போன்ற உணர்வு உண்டு என்பதால், சிறிதளவேனும் உண்மையான பயன் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மறுமொழி — காற்றுவழி

உயரமான இறக்கையை விட்டுவிட்டு, விளிம்போடு ஒட்டிய தாழ்வான மேட்டையே செய்யுங்கள். இரண்டும் வேலை செய்யும் விதமே வேறு. இறக்கைக்கு மேலேயும் கீழேயும் கலங்காத காற்று ஓட வேண்டும்; அதன் வளைவும் சாய்வும் சில பாகை பிசகினாலும் கீழழுத்து விசை குறைந்து காற்றுத் தடை மட்டும் கூடிவிடும். செடான் காரில் பின் கண்ணாடிக்குப் பின்னால் ஓடும் காற்று பெரும்பாலும் கலங்கியே இருப்பதால், அதற்கு மேலே போதிய உயரத்தில் இறக்கையை நிறுத்தவேண்டியிருக்கும். உயரம் கூடக் கூட, அதைத் தாங்கும் கால்களின் அடியில் விழும் திருகுவிசையும் கூடும்.

தாழ்வான ஸ்பாய்லர் செய்வது இதைவிட எளிய காரியம். கூரையிலிருந்து பின் கண்ணாடி வழியே இறங்கும் காற்று வளைந்து வேகமெடுக்கும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. பின்பகுதியை மேலே இழுக்கும் விசைக்கு அதுவே காரணம். டிக்கியின் விளிம்பில் மேடு ஒன்று இருந்தால், அதை நெருங்கும் காற்று வேகம் குறைந்து, டிக்கியின் மேற்பரப்பில் அழுத்தம் உயர்கிறது. காற்று காரை விட்டுப் பிரியும் இடமும் அலைபாயாமல் ஒரே கோட்டில் நிலைக்கிறது. 1973ஆம் ஆண்டு மாதிரியாக வந்த போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் 2.7 காரின் வாத்துவால் வடிவ ஸ்பாய்லர் இந்தக் கொள்கையில் அமைந்ததுதான். இன்னொரு சான்றும் உண்டு. 1998இல் விற்பனைக்கு வந்த முதல் தலைமுறை ஆடி டிடி கார்கள் அதிவேகத்தில் நிலைகுலைந்து விபத்துகள் நேர்ந்த பிறகு, சஸ்பென்ஷன் மாற்றங்களோடும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாட்டோடும் சேர்த்து, டிக்கி மூடியில் ஒரு சிறிய ஸ்பாய்லரும் பொருத்தப்பட்டது. அளவில் சிறியது என்பதால் பயனற்றது என்று எண்ண வேண்டாம்.

இருந்தாலும் எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். காற்றின் அழுத்தம் வேகத்தின் இருபடிக்கு ஏற்ப வளரும். 100 கி.மீ. வேகத்தில் அது ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 470 நியூட்டன். உங்கள் ஸ்பாய்லர் 120 செ.மீ. அகலமும் 8 செ.மீ. உயரமும் கொண்டது என்றும், அந்த அழுத்தம் முழுவதும் அதன் மேல் விழுகிறது என்றும் வைத்துக்கொண்டால், மொத்தம் நாலரைக் கிலோ எடைக்குச் சமமான விசை கிடைக்கும். 50 கி.மீ. வேகத்தில் அது ஒரு கிலோவைச் சற்றே தாண்டும். 150இல் பத்துக் கிலோவுக்கு மேல் போகும். டிக்கியின் மேற்பரப்பில் உயரும் அழுத்தம் இதற்கு மேற்பட்ட பயன் என்றாலும், நகர வேகத்தில் எந்த வேறுபாடும் தெரியாது. உங்கள் கார் முன்சக்கர இயக்கம் என்பதால் இன்னொன்றையும் கருத வேண்டும். பின் அச்சுக்கும் பின்னால் கீழ்நோக்கி அழுத்தும் விசை, நெம்புகோல் போல முன் சக்கரங்களின் சுமையைச் சிறிது குறைக்கும். எனவே தேவைக்கு மேல் உயர்த்துவது திருப்பத்தில் முன்பிடியைக் கெடுக்கும். மேலும், நெடுஞ்சாலையில் பின்பகுதி இலேசாக உணரப்படுவதற்குத் தேய்ந்த ஷாக் அப்சார்பர், சஸ்பென்ஷன் புஷ், டயர் அழுத்தம் ஆகியவையும் காரணமாகலாம். அவற்றை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

ரெசினைத் தொடும் முன் இந்தச் சோதனையைச் செய்யுமாறு வற்புறுத்துவேன். பத்து செ.மீ. நீளமுள்ள கம்பளி நூல் துண்டுகளைப் பின் கண்ணாடியிலும் டிக்கி மேலும் வரிசையாக, ஒரு முனையை மட்டும் டேப்பால் ஒட்டுங்கள். போக்குவரத்து இல்லாத சாலையில் 60 கி.மீ. வேகத்தில் ஓட்டி, பின்னால் வரும் காரில் பயணிப்பவரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். நூல்கள் பின்னோக்கி நேராகப் படிந்திருந்தால் காற்று பரப்போடு ஒட்டி ஓடுகிறது என்று பொருள். அவை சுழன்றாலோ முன்னோக்கித் திரும்பினாலோ அங்கே காற்று ஏற்கெனவே பிரிந்துவிட்டது. அந்த உயரத்தில் வைக்கும் ஸ்பாய்லரால் பெரிதாக எதுவும் நடக்காது. அதன் பிறகு தடித்த அட்டையில் மாதிரி செய்து, டேப்பால் உறுதியாக ஒட்டி, அதே சோதனையை மீண்டும் செய்தால், எத்தனை செ.மீ. உயரம் வேண்டும் என்பதற்கு உங்கள் காரே விடை தந்துவிடும்.

மறுமொழி — இழைப்பட்டறை

வடிவத்தைப் பற்றி மேலே சொல்லியாயிற்று. நான் பொருள்களைப் பற்றி எழுதுகிறேன், ஏனெனில் உங்கள் திட்டம் முதல் நாளிலேயே கெட்டுவிடும் இடம் அதுதான். பாலியெஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் கலந்திருக்கிறது. அது தெர்மாகோலைக் கரைத்துவிடும். நீங்கள் செதுக்கிய வடிவம் ரெசின் பட்ட சில நிமிடங்களில் குழிந்து உள்ளே போய்விடும். நெருக்கமான கண்ணறைகள் கொண்ட எக்ஸ்பிஎஸ் பலகையும் பாலிஸ்டைரீன்தான் என்பதால் அதற்கும் இதே கதி. எனவே பாலிஸ்டைரீன் நுரை என்றால் எப்பாக்ஸி ரெசின். பாலியெஸ்டர் ரெசின்தான் வேண்டும் என்றால் பாலியூரிதேன் நுரை. புதியவர் என்பதால் எப்பாக்ஸியையே பரிந்துரைக்கிறேன். அதன் வாசனை குறைவு, சுருக்கம் குறைவு, ஒட்டும் திறன் அதிகம்.

எப்பாக்ஸிக்கு மாறினால் இழையையும் மாற்ற வேண்டும். குட்டை இழைகளைப் பொடியால் பிணைத்துச் செய்யப்படும் சாதாரணப் பாயில், அந்தப் பிணைப்பு ஸ்டைரீனில் கரைந்தால்தான் பாய் வளைந்து கொடுக்கும். எப்பாக்ஸி அதைக் கரைக்காததால் பாய் விறைப்பாகவே நின்று, மூலைகளில் காற்றுக் குமிழிகளை விடும். நெய்த கண்ணாடி இழைத் துணியை வாங்குங்கள். சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள துணி மூன்று அடுக்குகள் இந்த அளவுக்குப் போதும். நடு அடுக்கை 45 பாகை சாய்த்து வெட்டினால் வளைவுகளில் நன்றாகப் படியும்; முறுக்கத்தையும் தாங்கும்.

செய்யும் வரிசையில் என் பரிந்துரை ஒன்று உண்டு. நுரையை முதலில் செதுக்கிவிட்டுப் பிறகு காரோடு பொருத்திப் பார்க்காதீர்கள்; டிக்கி மூடியையே அச்சாகப் பயன்படுத்துங்கள். மூடியின் பெயின்ட் மேல் மாஸ்கிங் டேப், அதன் மேல் சுருக்கமில்லாமல் பிளாஸ்டிக் தாள், அதன் மேல் மெழுகு. இந்தப் பரப்பில் இரண்டு அடுக்குத் துணியை ரெசினில் நனைத்துப் படியவைத்து, இறுகியதும் எடுத்தால், உங்கள் மூடியின் வளைவை அப்படியே கொண்ட அடித்தகடு கிடைக்கும். அதன் மேல் நுரைக் கட்டைகளை எப்பாக்ஸியால் ஒட்டிச் செதுக்குங்கள். இடப்பக்கத்துக்கு வெட்டிய அட்டை வார்ப்புருவையே திருப்பி வலப்பக்கத்துக்கும் வைத்துப் பார்த்தால் இரு பக்கமும் ஒத்திருக்கும். கண்ணளவை மட்டும் நம்பினால் கோணல் வந்தே தீரும்.

கூர்மையான விளிம்பில் துணி மடியாது, எழும்பி நிற்கும். முனைகளை உருட்டிவிட்டுத் துணி போடுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாகங்களின் விளிம்பு வளைவு 2.5 மி.மீ. ஆரத்துக்குக் குறையக் கூடாது என்று ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 26ஆம் வாகன ஒழுங்குமுறை சொல்கிறது. பாதசாரியின் உடலைக் கிழிக்கக் கூடாது என்பதே நோக்கம். அந்த விதி உங்களைக் கட்டுப்படுத்தாத இடத்தில் இருந்தாலும் அந்த அளவைக் கடைப்பிடியுங்கள்.

ரெசினையும், அதை இறுகச் செய்யும் ஹார்டனரையும் தராசில் நிறுத்து, டப்பாவில் குறிப்பிட்ட விகிதத்திலேயே கலக்க வேண்டும். ஹார்டனரைக் கூட்டினால் எப்பாக்ஸி விரைவில் இறுகிவிடாது. என்றைக்கும் முழுமையாக இறுகாமல் மிருதுவாகவே நின்றுவிடும். கலந்ததை ஆழமான கோப்பையில் வைத்திருந்தால் சூடேறிப் புகையக்கூடும். அகலமான தட்டில் ஊற்றிக்கொள்ளுங்கள். கையுறையும், கரிம ஆவிகளை வடிகட்டும் முகமூடியும் அவசியம். தேய்க்கும்போது கண்ணாடித் தூசு நுரையீரலுக்குள் போகாதபடி தூசு வடிகட்டியும் வேண்டும். இறுகிய எப்பாக்ஸியின் மேல் பிசுபிசுப்பான படலம் தோன்றினால், உப்புத்தாளால் தேய்ப்பதற்கு முன்பே அதைத் தண்ணீரால் கழுவிவிடுங்கள். இல்லையென்றால் பெயின்ட் உரிந்துவரும். 80ஆம் எண் தாளில் தொடங்கி, பட்டி பார்த்து, 400 வரை போனபின் பிரைமர் அடிக்கலாம். எப்பாக்ஸியைப் புற ஊதாக் கதிர் சிதைக்கும் என்பதால், பெயின்டும் கிளியர் கோட்டும் இல்லாமல் வெயிலில் விடக் கூடாது.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அறை வெப்பத்தில் இறுகும் எப்பாக்ஸிகள் பல 50, 60 பாகை செல்சியஸ் அளவிலேயே மென்மையாகத் தொடங்கிவிடும். கடும் வெயிலில் நிற்கும் கறுப்புப் பரப்பு அதைத் தாண்டும். கறுப்பு நிறம்தான் வேண்டுமென்றால், வெப்பம் தாங்கும் வகை ரெசினைத் தேர்ந்தெடுத்து, அது இறுகிய பின், அதன் தயாரிப்பாளர் சொல்லும் முறையில் மீண்டும் சூடாக்குங்கள்.

நான்குகதவு

இருவருக்கும் மிக்க நன்றி. தெர்மாகோலும் பாலியெஸ்டரும் சேராது என்பதை இப்போதே அறிந்தது பெரிய உதவி. நூல் சோதனையை முதலில் செய்து, பின்னர் எப்பாக்ஸியும் நெய்த துணியும் கொண்டு தொடங்குகிறேன். பொருத்துவதில்தான் இன்னும் தயக்கம். டிக்கி மூடியில் துளையிட மனம் வரவில்லை. நல்ல இருபக்க ஒட்டு டேப் மட்டும் போதுமா? திறந்த மூடியை வாயு ஸ்டிரட் எனப்படும் தாங்குதண்டுகள் இரண்டு தாங்குகின்றன. கூடுதல் எடை அவற்றைப் பாதிக்குமா?

மறுமொழி — திருகாணி

இந்த வேலையில் நான் அதிகம் கவலைப்படுவது நீங்கள் கடைசியாகக் கேட்டதைப் பற்றித்தான். 1969ஆம் ஆண்டு மே மாதம் மோன்ட்யூயிக் வளாகத்தில் நடந்த ஸ்பானிஷ் கிராண்ட் பிரீ என்னும் ஃபார்முலா 1 கார் பந்தயத்தில், கிரஹாம் ஹில், யோகன் ரின்ட் இருவரின் லோட்டஸ் கார்களிலும் உயரமான இறக்கைகள் முறிந்து, ஒரே இடத்தில் இருவரும் மோதினர். அடுத்த பந்தயமான மொனாக்கோவிலேயே உயர் இறக்கைகள் தடைசெய்யப்பட்டன. தேர்ந்த பொறியாளர்களின் வேலைக்கே அந்த நிலை வந்தது. உங்கள் ஸ்பாய்லர் கழன்றால் அடிபடுபவர் பின்னால் இரு சக்கர வாகனத்தில் வரும் யாரோ ஒருவராக இருப்பார்.

தாழ்வான, எடை குறைந்த, அடிப்பரப்பு முழுவதும் மூடியோடு படியும் ஸ்பாய்லருக்கு, மோட்டார் வாகனங்களுக்கென்றே செய்யப்பட்ட அக்ரிலிக் நுரை டேப் தாங்கும். ஆனால் அடித்தகடு இடைவெளியின்றிப் படிய வேண்டும். இரு பரப்புகளையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, குளிரில்லாத நேரத்தில் நன்றாக அழுத்தி ஒட்டி, மூன்று நாள்கள் வேகமாக ஓட்டாமலும் கழுவாமலும் விடுங்கள். அந்த வகை டேப் முழுப் பிடியை எட்ட 72 மணி நேரம் ஆகும். முன்பே மறுபெயின்ட் அடிக்கப்பட்ட மூடி என்றால் டேப்பை மட்டும் நம்பாதீர்கள். டேப் பெயின்டைப் பிடித்திருக்கும். பெயின்ட் தகரத்தை விட்டுவிடும்.

நீங்கள் நெடுஞ்சாலையில் ஓட்டுபவர் என்பதால், டேப்போடு இரு முனைகளிலும் நடுவிலும் போல்ட்டுகளும் வேண்டும் என்பதே என் கருத்து. துளைக்கும் இடத்துக்கு உள்ளே வலுவூட்டும் சட்டமோ மின்கம்பியோ இருக்கிறதா என்று உட்புற அட்டையைக் கழற்றிப் பாருங்கள். மூடியின் வெளித்தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் கொண்டது. சிறிய வாஷர் வைத்தால் காலப்போக்கில் அது கிழிந்து வெளியே வரும். உள்ளங்கை அகலத் தகடு ஒன்றை உட்புறத்தில் வைத்து விசையைப் பரப்புங்கள். ஸ்பாய்லருக்குள் போல்ட் அமரும் இடத்தில் நுரையை எடுத்துவிட்டு, எப்பாக்ஸியில் ஊறவைத்த பிளைவுட் கட்டையைப் பதித்து, அதன் மேல் கூடுதல் அடுக்குத் துணி போட வேண்டும். நுரை மேல் நேரடியாக முடுக்கினால் அது நசுங்கி, முடுக்கம் நாளடைவில் தளர்ந்துவிடும். துளையிட்டதும் அதன் வெற்று விளிம்பில் துரு தடுக்கும் பிரைமர் தடவி, காய்ந்த பின், ரப்பர் வாஷரும் சீலன்ட்டும் வைத்து முடுக்குங்கள். பூட்டு நட்டு பயன்படுத்துங்கள். துருவும் நீர்க்கசிவும் இப்படித் தடுக்கப்படும் என்பதால் துளையைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை.

எடையைச் சோதிக்க எளிய வழி உண்டு. முடிந்த ஸ்பாய்லரை எடை போட்டு, அதே எடைக்கு மணலைத் துணிப்பையில் கட்டி, திறந்த மூடியின் விளிம்பில் டேப்பால் ஒட்டுங்கள். மூடி இறங்கினால் வலுவான ஸ்டிரட்டுகள் தேவை. பழைய ஸ்டிரட்டுகள் குளிரில் இன்னும் வலுவிழக்கும் என்பதால், இதை அதிகாலையில் செய்து பாருங்கள்.

பின் கண்ணாடியின் அடியிலோ மூடியின் மேலோ உங்கள் காரில் மூன்றாவது பிரேக் விளக்கு இருந்தால், அட்டை மாதிரி வைத்திருக்கும்போதே பின்னால் நின்று, விளக்கு மறையவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, பின்னால் வருவதைக் காட்டும் உட்கண்ணாடியிலும் பார்வை மறைகிறதா என்று பாருங்கள். இத்தகைய மாற்றங்களுக்கு முன் அனுமதியோ பரிசோதனையோ தேவைப்படும் நாடுகள் உண்டு. உங்கள் வாகனப் பதிவு அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்துமூலம் கேட்டுவிட்டு நுரையை வெட்டுங்கள்.