காப்பர் டி போட்ட பிறகு: உதிரப்போக்கும் கூலியும்

இரண்டாவது பிரசவத்துக்கு அப்புறம், கரு தங்காமல் இருக்கக் கருப்பைக்குள் வைக்கிற காப்பர் டி போட்டுக்கொண்டேன். என் ஓர்ப்படியும் அதே வருடம்தான் போட்டாள். இரண்டு பேருக்குமே உதிரப்போக்கு அதிகமானது. முதல் 3 முதல் 6 மாதம் இப்படி இருப்பது சகஜம், நிறைய பேருக்குத் தானாகவே குறைந்துவிடும். எங்களுக்குக் குறையவில்லை.

அவளுக்கு மாதச் சம்பளம். லீவு போட்டு டாக்டரைப் பார்த்தாள், ஸ்கேன் எடுத்தாள், ஒத்துவரவில்லை என்று தெரிந்ததும் எடுத்துவிட்டு, அதே மாதிரி கருப்பைக்குள் வைக்கிற ஹார்மோன் சாதனத்துக்கு மாறினாள். அதில் உதிரப்போக்கு நன்றாகக் குறையும், சிலருக்கு மாதவிடாயே நின்றுபோகும். விலைதான் பல மடங்கு.

நான் தைப்பது பீஸ் கணக்கு. அடிக்கடி எழுந்து நாப்கின் மாற்றப் போனால் அந்த நேரத்துக்குக் காசு கிடையாது. எழாமல் உட்கார்ந்திருந்தால் நாற்காலியில் கறை படுமோ என்று கை தையலில் நிற்காது. நாப்கின் செலவும் கூடிப்போனது. எடுத்துவிடச் சொல்லிப் போனால், "10 வருஷத்துக்குப் போட்டது, பழகிடும்" என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி போக இன்னொரு நாள் கூலியை விட வேண்டும். தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, படி ஏறினாலே மூச்சு வாங்குகிற நிலைக்கு வந்துவிட்டேன். 12 கிராமாவது இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் எனக்கு 8கூட இல்லை.

காப்பர் டியைக் குறை சொல்ல வரவில்லை. எடுக்கச் சொன்னால் எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். காப்பர் டியில் இருந்து பிறப்புறுப்புக்குள் தொங்கும் நூலைப் பிடித்து இழுத்தால் சில நிமிடத்தில் முடிகிற வேலை அது (மருத்துவர் அல்லது நர்ஸ்தான் செய்ய வேண்டும், நாமாக இழுக்கக் கூடாது). காரணம் சொல்லி யாரையும் சமாதானப்படுத்த வேண்டியதில்லை. ஏற்கெனவே ரத்தசோகையோ அதிகப் போக்கோ இருந்தால் போடும் முன்பே சொல்லிவிடுங்கள்.

*

அக்கா, எனக்கு நேர்மாறு. நான் வீட்டு வேலைக்குப் போகிறவள். முதலில் கருத்தடை ஊசிதான் போட்டேன். 3 மாதத்துக்கு ஒரு தடவை வேலையை விட்டுவிட்டுப் போய் வரிசையில் நிற்கணும், நடுநடுவே திட்டுத்திட்டாக உதிரம் வேறு படும். காப்பர் டிக்கு மாறின பிறகு அந்த அலைச்சல் இல்லை. ஆரம்பத்தில் அடிவயிறு பிடித்து இழுத்தது, நர்ஸம்மா சொன்ன வலி மாத்திரையிலேயே சரியாகிவிட்டது. எங்களை மாதிரி லீவு கிடைக்காதவர்களுக்கு ஒத்துக்கொண்டால் இதுதான் நிம்மதி.

*

எனக்கு நூல் தட்டுப்படாமல் போய், பார்த்தால் காப்பர் டி தானாகவே வெளியே வந்திருக்கிறது. பிரசவம் ஆன கையோடு போட்டால் இப்படி நடக்க வாய்ப்பு கொஞ்சம் அதிகமாம். மாதவிடாய் முடிந்ததும் நூல் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். நூல் இல்லை, நாள் தள்ளிப்போகிறது, காய்ச்சலோடு அடிவயிறு வலிக்கிறது, நாற்றத்தோடு வெள்ளைப்படுகிறது, இதில் எது இருந்தாலும் அன்றைய கூலி போனாலும் பரவாயில்லை, உடனே போய்க் காட்டிவிடுங்கள்.