பெத்தாட ரங்குப் பெட்டிக்குள்ள 1908ம் ஆண்டு போஸ்ட்காட், பொம்புள ஆம்புளயத் துரத்துற படம். இது என்ன கதை?

கல்லடிப்பொடியன்:
எல்லாருக்கும் வணக்கம். எங்கட பெத்தாட முப்பத்தொண்டு முடிஞ்சாப்புறகு அவட ரங்குப் பெட்டிய ஒதுக்கினோம், சீலையளுக்கு அடியில ஒரு பழைய பிஸ்கட் டின், அதுக்குள்ள நாலு போஸ்ட்காட். ஒண்டுல பெரிய தொப்பி போட்ட வெள்ளக்காரப் பொம்புள ஒராள், நம்மட ஆக்கள் இறால் அள்ளுற அத்தாங்கு மாதிரி ஒண்டத் தூக்கிக்கிட்டு ஓடுறா, முன்னால விரலளவு ஆம்புளையள் கோட்டும் சூட்டுமாத் தெறிச்சு ஓடுறானுகள். மத்ததுல ஒரு ஆள் மரத்துல ஏறிக் குந்தியிருக்கான், கீழ ஒரு பொம்புள மோதிரப் பெட்டியோட மேல பாத்துக்கிட்டு நிக்கிறா. ரெண்டுலயும் லீப் இயர் 1908 எண்டு இங்கிலீசுல கிடக்கு. பின்பக்கம் முத்திரை இல்ல, எழுத்தும் இல்ல, நடுவில ஒரு கோடு மட்டும். பெத்தா சின்ன வயசில மட்டக்களப்புப் புளியந்தீவில ஒரு பறங்கி நோனா வீட்ட தையல் பழகினவ, அங்கருந்து வந்திருக்கும் எண்டு அம்மா சொல்றா. லீப் வருஷத்துக்கும் கலியாணத்துக்கும் என்ன சம்பந்தம்? வித்தா காசு வருமா? (அம்மாக்கு இதைச் சொல்லல்ல.)

பழையமுத்திரை:
தம்பி, முதல்ல அதுகள லேமினேட் பண்ணிப் போடாத, உன்னக் கும்பிட்டுக் கேக்கிறன். டேப்பும் ஒட்டாத.
கதை இதுதான். நாலு வருஷத்துக்கு ஒருக்கா பெப்ரவரி 29 வாற வருஷத்தில பொம்புளயே ஆம்புளயிட்ட கலியாணம் கேக்கலாம் எண்டு ஐரோப்பாவில, முக்கியமா அயர்லாந்து ஸ்கொட்லாந்துப் பக்கம், ஒரு பழைய நம்பிக்கை. புனித பிரிஜிட் போய் புனித பற்றிக்கிட்ட "பொட்டையள் எவ்வளவு காலம் காத்துக்கிட்டிருக்கிற" எண்டு முறைப்பட்டாவாம், அவர் ஏழு வருஷத்துக்கு ஒருக்கா எண்டாராம், அவ சந்தையில மீன் விலை பேசுற மாதிரிப் பேசி நாலாக் குறைச்சாவாம். கட்டுக்கதைதான், பற்றிக் 461ல செத்தார் எண்டு ஒரு கணக்கு, அப்பிடிப் பாத்தா அவவுக்குப் பத்து வயசு. இன்னொண்டு, 1288ல ஸ்கொட்லாந்து ராணி மார்கிரட் சட்டம் போட்டாவாம், மாட்டன் எண்டு சொல்ற ஆம்புள பட்டுக் கவுண் வாங்கிக் குடுக்கோணுமாம். அந்த ராணிக்கு அப்ப அஞ்சு வயசு, இருந்தது நோர்வேயில!
போஸ்ட்காட்டுக்கு வருவோம். 1900 லீப் வருஷம் இல்ல, நானூறால பிரிபடாது, அதால 1896க்குப் பிறகு 1904தான். 1908 ஆகக்குள்ள உலகமே போஸ்ட்காட் பைத்தியம் பிடிச்சு நிண்டது, அமெரிக்காவில மட்டும் அந்த வருஷ ஜூன் வரைக்கும் 12 மாசத்தில 67 கோடிக்கு மேல தபால்ல போயிருக்கு. நடுக்கோடு எண்டா ஒரு பக்கம் விலாசம், மறுபக்கம் சேதி, இங்கிலாந்தில 1902ல விட்டாங்க, அமெரிக்காவில 1907 மார்ச்ல. அதுக்கு முதல் விலாசப் பக்கத்தில வேற ஒண்டும் எழுத ஏலாது. அந்தக் காலத்து நல்ல கலர் காட் கனக்க ஜெர்மனியில அச்சடிச்சது, ஓரத்தில சின்ன எழுத்தில கிடக்கா எண்டு பாரு.
விலை? நாலு காட்டுக்குப் பெரிய காசெல்லாம் வராது.

அக்கரைப்பத்து_ராத்தா:
எனக்கு இதில சிரிப்பு வாறது வேற இடத்தில தம்பி. பொம்புள பக்கம் போய்க் கேக்கிறத வெள்ளக்காரன் பெரிய பகிடியா படம் கீறி வித்திருக்கான், எங்கட பக்கம் அதுதானே வழமை, பொண்ணு வீட்டாக்கள்தான் மாப்பிள கேட்டுப் போறது, வீட்டக் கட்டி பொண்ணுக்குக் குடுத்து மாப்பிளய அங்க கூட்டிக்கிட்டு வாறது. எங்கட வாப்பா என்ட மாப்பிள வீட்ட மூணுதரம் போனவர், ரெண்டாந்தரம் அவங்க வாசல்ல வச்சே தேத்தண்ணி குடுத்து அனுப்பிட்டாங்க, வாப்பா அதை மௌத்தாகும் வரைக்கும் சொல்லிக் காட்டினவர். எங்களுக்கு எல்லா வருஷமும் லீப் வருஷம்தான் கா.

வாவிக்கரை:
ராத்தா சொல்றது சரி, தமிழாக்கள்லயும் குடி (தாய்வழி வம்சம்) பாத்து பொம்புள பக்கம்தான் முதல் கதைக்கிற. ஆனா கேட்டது உங்கட வாப்பா, நீங்க இல்லயே. அந்தக் காட்டுல பொம்புளதான் தனிய வலையோட ஓடுறா, அதுதான் அவங்களுக்குப் பயம். அவளை அப்பிடி வடிவில்லாமக் கீறி ஆம்புளயக் கையளவாக்கினது சும்மா இல்ல, இங்கிலாந்தில பொம்புளையள் வாக்குரிமை கேட்டு ரோட்டுல இறங்கின காலம் அது. அவங்களுக்கு 1918லதான் கிடைச்சது, அதுவும் 30 வயசுக்கு மேல. இலங்கையில 1931லயே 21 வயசு ஆணும் பொண்ணும் ஒண்டாப் போட்டாங்க. அதோட வீடு குடுக்க ஏலாத பொண்ணுக்கு எங்கட ஊர்ல என்ன நிலமை எண்டு எல்லாருக்கும் தெரியும், அதையும் வழமை எண்டு சிரிச்சுக்கிட்டுப் போக ஏலாது.

அக்கரைப்பத்து_ராத்தா:
@வாவிக்கரை ஓம், மறுக்கல்ல. எனக்கு ரெண்டு குமர் இருக்கு, ஒரு வீட்டுக்கு பீம் மட்டத்தோட நிக்குது. ஆனா ஒண்டு, வாப்பா மூணாந்தரம் போனது ஏன் எண்டு நினைக்கிறீங்க? நான்தான் உம்மாட்ட சொன்ன, அவர் எண்டா சரி, இல்லாட்டி வேணாம் எண்டு.

பழையமுத்திரை:
ராத்தா 👏 தம்பி, வைக்கிற விசயம் சொல்ல மறந்திட்டன். பிளாஸ்டிக் மணக்கிற மலிவு அல்பத்தில வைக்காத, அது பிவிசி, காலம் போக காட்டுல ஒட்டிப் பிடிக்கும். பொலியெஸ்டர் கவர் கிடைச்சா நல்லம், இல்லாட்டி வெள்ளக் கடதாசியில ஒவ்வொண்டா மடிச்சு டின்னுக்குள்ள சிலிக்கா ஜெல் பைக்கற்று ரெண்டு போடு. கல்லடியில கடக்காத்து ஒரு பக்கம், வாவி ஒரு பக்கம், கடதாசி ஊறிப் போகும். மத்த ரெண்டு காட்டுலயும் என்ன?

கல்லடிப்பொடியன்:
எல்லாருக்கும் நன்றி. மத்த ரெண்டும் இலங்கைப் படம்தான், ஒண்டு கொழும்பு, அடியில பிளாட்டே கம்பனி எண்டு கிடக்கு. ஓரத்தில ஜெர்மனி எண்டு இருக்கு அண்ணன், லென்ஸ் வச்சுத்தான் கண்டன்.
விக்கிற கதை முடிஞ்சு, அம்மா இந்தத் திரெட்ட வாசிச்சிட்டா. வாசிச்சிட்டு மரத்தில இருக்கிறவன்ட படத்தைக் கொஞ்ச நேரம் பாத்தா. பெத்தப்பாவைக் கேட்டு ஆக்கள் போன அண்டைக்கு அந்த மனுசன் பின்வளவால இறங்கி தோணியில ஏறிப் போனவராம், இருட்டினாப்புறகுதான் வந்தவராம். பெத்தா இந்தக் காட்ட வருஷத்துக்கு ஒருக்காவாவது எடுத்து அவருக்குக் காட்டுவாவாம்.