புதிதாக அங்கீகாரம் பெற்ற சாதி நாய்கள்: கொழும்பில் இவற்றுக்கு இடம் உண்டா?

அலைகரை (வெள்ளவத்தை):

கொழும்பில் சாதி நாய் என்றால் ஜேர்மன் ஷெப்பர்ட், லப்ரடோர், ரொட்வைலர், பொமரேனியன், ஷீ சூ. இந்த ஐந்தைத் தாண்டி யாரும் யோசிப்பதில்லை. ஆனால் அமெரிக்கன் கெனல் கிளப் கடந்த சில ஆண்டுகளில் பல இனங்களைத் தன் பதிவேட்டில் சேர்த்திருக்கிறது. 2022 இல் ரஷ்யன் டோய், ஹங்கேரியின் மூடி, பிராக்கோ இத்தாலியானோ. பிராக்கோதான் அவர்களுடைய 200 ஆவது இனம். 2024 இல் லங்காஷயர் ஹீலர். 2025 இல் டேனிஷ்-சுவீடிஷ் ஃபார்ம்டொக்.

என் மனம் இந்தக் கடைசி நாயில்தான் நிற்கிறது. உயரம் 32 முதல் 37 சென்ரிமீற்றர், குட்டை மயிர், வெள்ளை உடம்பில் கறுப்போ மண்ணிறமோ திட்டுத் திட்டாக இருக்கும். டென்மார்க்கிலும் சுவீடனிலும் பண்ணை வீடுகளில் எலி பிடித்து, மாடு சாய்த்து, காவலும் பார்த்த நாய். பண்ணைகள் குறையக் குறைய அதுவும் குறைந்துபோனது. 1987 இல் இரண்டு நாடுகளும் சேர்ந்து பெயர் வைத்துப் பதிவு தொடங்கியிராவிட்டால் வேறு நாய்களோடு கலந்து அடையாளம் இல்லாமல் போயிருக்கும் என்றே நினைக்கிறேன். அங்கீகாரத்தை நான் பெரிய விஷயமாக எடுப்பது இதனால்தான்.

எங்களுடையது இரண்டு அறைத் தொடர்மாடி வீடு. காலையும் மாலையும் கடற்கரைப் பக்கம் நடத்திக்கொண்டு போக ஆள் இருக்கிறது. இந்த நாய் இங்கே சரிவருமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை அக்கா:

தம்பி, உங்கள் ஆசை விளங்குகிறது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும். அங்கீகாரம் கிடைத்தால் புது நாய் பிறந்துவிட்டது என்று அர்த்தமில்லை. லங்காஷயர் ஹீலரை இங்கிலாந்துக் கெனல் கிளப் 1981 இலேயே ஏற்றுக்கொண்டது. அமெரிக்காக்காரர் 2024 இல் ஏற்றார்கள். நாய் அதே நாய்தான். பட்டியலில் பேர் ஏறியதும் "அரிய இனம்" என்று சொல்லி விற்க ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். எனக்குப் பயம் அதுதான்.

ஹஸ்கிக்கு நடந்ததை இந்த ஊரில் எல்லோரும் பார்த்தோம். ஏசி அறையில் வைத்து வளர்த்தார்கள், கரண்ட் பில் ஏறியதும் கைமாற்றினார்கள். அப்படிக் கைமாறி வந்த ஒன்றை நான் பொறுப்பெடுத்தேன். பகல் முழுக்கக் குளியலறைத் தரையில், தண்ணீர் போகும் வாய்க்கு மேலே வயிற்றை அழுத்திக்கொண்டு படுத்திருக்கும். சாப்பாட்டுக்குக்கூட எழும்பாது. பனியில் வண்டி இழுக்கவென்று வளர்த்த நாயை இங்கே கொண்டுவந்து அடைத்தால் வேறென்ன நடக்கும்?

அடுத்தது இரத்தம். பதிவேட்டை மூடிவிட்டால் வெளி இரத்தம் உள்ளே வராது. டல்மேஷன் கதையைப் பாருங்கள். சுத்த டல்மேஷன் எல்லாவற்றுக்கும் ஒரே மரபணுக் குறை. யூரிக் அமிலத்தை அதன் உடம்பு சரியாகக் கையாளாது, சிறுநீரில் கல் வரக்கூடும். 1973 இல் அமெரிக்காவில் ஒரு மரபியல் அறிஞர் ஒரேயொரு தடவை பொயின்ரர் என்ற வேறு இன நாயின் இரத்தம் சேர்த்து, அதன் பிறகு தலைமுறை தலைமுறையாகத் திரும்பவும் டல்மேஷனோடேயே சேர்த்து, குறை இல்லாத வரிசை ஒன்றை உண்டாக்கினார். அமெரிக்கன் கெனல் கிளப் அதை நிரந்தரமாக ஏற்றது 2011 இல். நோயும் தெரியும், வழியும் தெரியும். ஆனாலும் சுத்தம் சுத்தம் என்று 38 வருடம் போய்விட்டது.

அலைகரை:

அக்கா, டல்மேஷன் உதாரணம் சரி. ஆனால் அது பதிவேட்டை மூடி வைத்திருப்பதற்கு எதிரான வாதம். பதிவேடே வேண்டாம் என்பதற்கு அது ஆதாரமாகாது. எந்த நாய்க்கு எந்தக் குறை, எந்தத் தாய் தகப்பனிடமிருந்து வந்தது என்று எழுதி வைத்திருந்தபடியால்தானே அந்த அறிஞரால் அதைப் பிடிக்க முடிந்தது?

ஒரு நாளில் முத்திரை குத்திக் கொடுக்கிற வேலையும் இல்லை இது. எஃப்சிஐ என்ற சர்வதேச நாய் வளர்ப்போர் கூட்டமைப்பு ஒரு புது இனத்தைத் தற்காலிகமாக ஏற்பதற்கே எட்டுத் தனித்தனி வம்ச வரிசைகள் கேட்கிறது. ஒவ்வொரு வரிசையிலும் குறைந்தது 2 ஆண், 6 பெண் இருக்க வேண்டும், வரிசைகளுக்கிடையில் மூன்று தலைமுறைக்குப் பொது மூதாதை இருக்கக் கூடாது. ஃபார்ம்டொக்குக்குத் தற்காலிக அங்கீகாரம் 2008 இல், முழு அங்கீகாரம் 2019 இல். பொறுப்பில்லாத வேலையா இது?

வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது. குட்டி எவ்வளவு உயரம் வளரும், என்ன குணம் வரும் என்று ஓரளவுக்காவது முன்கூட்டித் தெரிய வேண்டும் என்று நான் நினைப்பதில் பிழை இல்லையே.

வத்தளை வேட்டை:

ஐரோப்பாவை ஏன் பார்க்கிறீர்கள்? பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டு நாய்கள் இருக்கின்றனவே. இந்தியாவின் தேசிய விலங்கு மரபணு வளப் பணியகம் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் கர்நாடகத்து முதோலையும் அதிகாரபூர்வமாகப் பதிந்துவிட்டது. அதற்குப் பிறகு இமாச்சலத்தின் கத்தி (Gaddi) என்ற இனமும் சேர்ந்தது. 2005 இல் இந்திய அஞ்சல் துறை நாய்களுக்கு முத்திரை வெளியிட்டபோது ராஜபாளையமும் இருந்தது. சென்னை சைதாப்பேட்டையில் ஒரு காலத்தில் அரசே நாய் இனப்பெருக்க நிலையம் நடத்தியது. எங்கள் வெயில், எங்கள் மண்வாகுக்கு வந்த நாய்கள் இவை. இவற்றுக்குக் கிடைத்த அங்கீகாரத்தைக் கொண்டாட ஆள் இல்லை, டென்மார்க் நாய்க்கு இழை திறக்கிறீர்கள்.

கொட்டாஞ்சேனை அக்கா:

ராஜபாளையம் வேட்டை நாய் அண்ணா. ஓட வெளி வேண்டும், புது ஆளை இலேசில் நம்பாது. வத்தளையில் உங்களிடம் வளவு இருக்கலாம், வெள்ளவத்தையில் மாடிப்படிதான் இருக்கிறது. வெள்ளை நிறத்தையே தெரிந்து தெரிந்து வளர்த்ததில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பதையும் சொல்ல வேண்டும். வாங்குகிறவர் குட்டியின் முதுகுப் பக்கமாக நின்று, அதன் கண்ணில் படாமல் சாவிக்கொத்தைக் கிலுக்கிப் பார்க்கட்டும். திரும்பாவிட்டால் காது கேட்கவில்லை என்று சந்தேகப்படலாம்.

எங்கள் தெருவிலேயே புலிக்கோடு போட்ட நாய்கள் திரிகின்றன. சிலர் சிங்கள ஹவுண்ட் என்பார்கள், நகரசபைக்கு அவை கட்டாக்காலி. எஃப்சிஐ பட்டியலில் அதற்குப் பேர் இல்லை. காகிதம் இல்லாமலேதான் இவ்வளவு காலம் பிழைத்து வந்திருக்கிறது.

வத்தளை வேட்டை:

அதைத்தான் அக்கா நானும் சொல்கிறேன்! எழுதி வைக்க ஆள் இல்லாதபடியால்தான் அது கட்டாக்காலி. தாய்லாந்துக்காரர் தங்கள் முதுகுச்சுழி நாயைக் கணக்கெடுத்து, வம்சம் எழுதி, எஃப்சிஐ வரை கொண்டுபோனார்கள். இன்று அது உலகத்துக்கே தெரிந்த இனம். எங்கள் நாயைக் கண்ட கண்ட நாயோடும் சேர விட்டால் இன்னும் இரண்டு தலைமுறையில் புலிக்கோடு மட்டும்தான் மிஞ்சும். அதன் குணமும் வாகும் போய்விடும்.

கொட்டாஞ்சேனை அக்கா:

எழுதத் தொடங்கினால் கோடு வடிவாக உள்ளதை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளுவார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை.

மருந்துப்பெட்டி (தெகிவளை):

மிருக வைத்திய நிலையமொன்றில் வேலை செய்கிறேன். இரண்டு பக்கமும் வாசித்தேன், ஒரு விஷயம் பேச்சில் வரவேயில்லை. வம்சக் காகிதம் தாய் தகப்பன் யார் என்று மட்டும்தான் சொல்லும், குட்டி சுகதேகியா என்று சொல்லாது. எங்களிடம் வருகிறவர்களில் பலர் காகிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள், தாய் நாயின் கண்ணைப் பரிசோதித்த அறிக்கை கேட்டால் இருக்காது.

அலைகரை கேட்கும் ஃபார்ம்டொக்குக்கும் லங்காஷயர் ஹீலருக்கும் பொதுவாக ஒரு பரம்பரை நோய் உண்டு. கண் வில்லையைப் பிடித்திருக்கும் மெல்லிய நார்கள் அறுந்து வில்லை இடம் மாறும். பெரும்பாலும் 3 வயதுக்கும் 8 வயதுக்கும் இடையில் வரும். கண்ணில் அழுத்தம் ஏறும், நாய் வலியில் துடிக்கும், உடனே பார்க்காவிட்டால் பார்வை போய்விடும். இதற்கு டிஎன்ஏ பரிசோதனை இருக்கிறது. தாய்க்கும் தகப்பனுக்கும் அந்த அறிக்கை இல்லாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

அடுத்தது உண்ணி. கொழும்பில் நாய்களை வாட்டுகிற பெரிய தொல்லைகளில் இது ஒன்று. இந்த மண்ணிற உண்ணிக்குப் புல்தரை வேண்டாம், வீட்டுச் சுவர் வெடிப்பிலேயே குடித்தனம் நடத்தும், நாலாம் மாடிக்கும் வரும். எர்லிக்கியா, பபேசியா என்ற இரண்டு இரத்த நோய்க்கிருமிகளையும் கடத்தும். குளிர்நாட்டிலிருந்து வருகிற நாயின் உடம்பு இவற்றைக் கண்டிராது. ஒவ்வொரு தடவையும் நடந்துவிட்டு வந்ததும் கால்விரல் இடுக்கையும் காது மடிப்பின் உள்பக்கத்தையும் விரலால் தடவிப் பாருங்கள், எள்ளு மாதிரி தட்டுப்படும். உதட்டைத் தூக்கி முரசைப் பாருங்கள். ரோஸ் நிறம் போய் வெளிறியிருந்தாலோ மூக்கில் இரத்தம் வந்தாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

இறக்குமதி என்றால் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதி முதலில் வேண்டும். மைக்ரோசிப்பும் விசர்நாய்த் தடுப்பூசியும் கட்டாயம். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், அந்த நாய் எந்த வேலைக்காக வளர்க்கப்பட்டது என்பதை முதலில் பாருங்கள். ஃபார்ம்டொக் நாள் முழுக்கப் பண்ணையைச் சுற்றி ஓடிய நாய். இரண்டு நேர நடை மட்டும் போதாது, மூளைக்கும் வேலை வேண்டும். சாப்பாட்டை வீட்டில் அங்கங்கே ஒளித்து வைத்து மணந்து தேட விடுங்கள். வீட்டில் யாராவது ஒருவர் அதற்குத் தினமும் நேரம் ஒதுக்க முடியாது என்றால் இந்த யோசனையை விடுவது நல்லது.

அலைகரை:

நன்றி. நேரம் ஒதுக்க ஆள் இருக்கிறது, அதனால் நான் பின்வாங்கப் போவதில்லை. நான் எழுதிக் கேட்ட வளர்ப்பாளர் பரிசோதனை அறிக்கை அனுப்பினார். தகப்பன் நாய்க்கு நோய் இல்லை, ஆனால் அந்த மரபணுவின் ஒரு பிரதியைச் சுமக்கிறது என்று இருக்கிறது. தாய் முற்றிலும் சுத்தம். அப்படியென்றால் விட்டுவிடவா?

கொட்டாஞ்சேனை அக்கா:

விடுங்கள் என்பேன், காரணம் வேறு. அந்தக் காசில் இங்கே எத்தனை நாய்க்குக் கருத்தடை செய்யலாம் என்று நினைத்துப் பாருங்கள். 2006 இல் கட்டாக்காலிகளைக் கொல்வதை நிறுத்தினார்கள், அதன் பிறகு நம்பியிருப்பது கருத்தடையையும் தடுப்பூசியையும்தான்.

மருந்துப்பெட்டி:

அக்காவின் கணக்குக்கு அவரவர் மனச்சாட்சிதான் பதில் சொல்ல வேண்டும். அறிக்கையைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். ஒரு பக்கம் சுமப்பது, மறுபக்கம் சுத்தம் என்றால் குட்டிகளில் சராசரியாகப் பாதி ஒரு பிரதியைச் சுமக்கும், இரண்டு பிரதி எதற்கும் வராது. இரண்டு பிரதி உள்ளதற்குத்தான் பெரிய ஆபத்து. ஒன்று மட்டும் உள்ளதற்கு ஆபத்து மிகக் குறைவு, ஆனாலும் வருடத்துக்கு ஒரு தடவை கண்ணைக் காட்டுங்கள். சுமக்கிற நாய்கள் எல்லாவற்றையும் ஒதுக்கினால், எண்ணிக்கை குறைந்த இனத்தில் இரத்தம் இன்னும் சுருங்கிவிடும். அக்கா பயப்படுவதும் அதற்குத்தானே. ஆகவே அந்த வளர்ப்பாளர் செய்திருப்பது முறையான சேர்க்கை. நீங்கள் எடுக்கப்போகும் குட்டியின் சொந்த அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள்.